கொலம்பஸ் (இண்டியானா): ஒரு கம்பெனி வளர்த்த ஊரை இனி யார் வளர்ப்பது?

#1 இளங்கோ (இழையைத் தொடங்கியவர்)

நார்த் கிறிஸ்டியன் சர்ச் கட்டடம் பார்த்தலோமியூ கவுண்டி நூலகத்தின் கைக்கு வந்ததிலிருந்து நம் வாட்ஸப் குழுவில் அதே பேச்சுதான். 2022ல் கலைந்துபோன ஒரு சபையின் கட்டடத்தை ஊர்ப்பணத்தில் எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் தேடப் போனால், இந்த ஊர் எப்படி வளர்ந்தது, இனி யார் வளர்க்கப் போகிறார்கள் என்பதில்தான் போய் நிற்கிறது. குழுவில் அதை எழுத இடம் போதாது, அதனால் இங்கே.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இண்டியானாபொலிஸிலிருந்து ஐ-65 சாலையில் தெற்கே முக்கால் மணி நேரம் ஓட்டினால் கொலம்பஸ். 2020 கணக்கெடுப்பில் 50,474 பேர். கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி 1919ல் இங்கேதான் தொடங்கியது. உள்ளூர் வங்கிக்காரர் வில்லியம் இர்வின் முதல் போட்டார். அவர் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டும் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டும் இருந்த கிளெஸி கம்மின்ஸ் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டினார். முதல் லாபத்தைக் கண்ணால் பார்க்க 1937 ஆகிவிட்டது. இர்வினுடைய சகோதரியின் பேரன் ஜே. இர்வின் மில்லர் பொறுப்பேற்ற பிறகுதான் கம்பெனி உலகம் முழுக்கப் பரவியது.

போர் முடிந்து பிள்ளைகள் பெருகிய காலத்தில் ஊருக்கு அவசரமாகப் பள்ளிக்கூடங்கள் தேவைப்பட்டன. அவசரத்தில் எழுப்பியவை சுமாராகத்தான் இருந்தன. 1954ல் கம்மின்ஸ் அறக்கட்டளை பள்ளி வாரியத்திடம் ஒரு யோசனை சொன்னது: நல்ல கட்டடக்கலைஞரை வையுங்கள், அவருக்கான கட்டணத்தை நாங்கள் தருகிறோம். ஹாரி வீஸ் வடிவமைத்த லில்லியன் ஷ்மிட் தொடக்கப்பள்ளி 1957ல் அப்படி வந்தது. பிறகு இதே ஏற்பாடு மற்றப் பள்ளிகள், தீயணைப்பு நிலையம், நகர மன்றக் கட்டடம் என்று நீண்டது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது நிபந்தனைகளை. வெளியூர் வல்லுநர்கள் ஒரு பெயர்ப்பட்டியல் தருவார்கள். அதில் யாரை எடுப்பது என்று வாரியம் முடிவு செய்யும். கட்டும் செலவு ஊருடையது. அறக்கட்டளை தந்தது வடிவமைப்புக் கட்டணம் மட்டும். முழுக் கட்டடத்தையும் தானமாகக் கொடுத்திருந்தால் ஊர் கைகட்டி வாங்கிக்கொண்டிருக்கும். இங்கே வாரியத்தில் உட்கார்ந்த சாதாரண ஆட்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பெரிய பெரிய கலைஞர்களிடம் கேள்வி கேட்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா? நான் கேட்க வந்தது அதைத்தான். சர்ச் விவகாரம் அதற்கு ஒரு வாசல்.

#2 பிரபு (புனே)

எல்லோருக்கும் வணக்கம். சர்ச் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மாற்றலில் கொலம்பஸ் வரப் போகிறேன், மனைவி, நாலு வயது மகளோடு. குளிர்காலத்தில் ஊரே முடங்கிவிடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். வீடு மேற்குப் பக்கம் பார் என்றும் சொல்கிறார்கள். உண்மை நிலவரம் என்ன?

#3 சுபா

பிரபு தம்பி, மகளுக்கு நாலு வயது என்றால் குளிர்காலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். டவுனில் வாஷிங்டன் தெருவில் காமன்ஸ் இருக்கிறது. கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே, வளைந்த பலகைகளை மேலே மேலே அடுக்கிச் சுற்றிலும் வலை கட்டிய ஒரு ஏறுசட்டகம். பிள்ளைகள் உச்சி வரை போய்விட்டு அங்கிருந்து அம்மாவைக் கூப்பிடுவார்கள். கட்டணம் கிடையாது. ஜனவரிச் சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள், சுவரோரம் வரிசையாகப் பனி சொட்டும் பூட்ஸ், உள்ளே தமிழ், மராத்தி, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழி எல்லாம் ஒன்றாகக் கேட்கும். அதே கூடத்தில் ழான் டிங்குலி செய்த கேயாஸ் 1 என்ற அசையும் சிற்பம் நிற்கிறது. சுமார் 7 டன் இரும்பு. சக்கரமும் உருளையும் சங்கிலியுமாக மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று ஒரு இரும்புப் பந்து தண்டவாளத்தில் கடகடவென்று உருண்டு ஓடும். என் மகன் அந்தப் பந்து வரும் வரை கிளம்பவே மாட்டான்.

வீட்டுக்கு மேற்கே டிப்டன் லேக்ஸ் பக்கம் நம் ஆட்கள் நிறைய. முன்பு 46ஆம் எண் சாலையில் சரக்கு ரயில் வந்தால் மேற்குப் பக்கம் மொத்தமும் காத்துக் கிடக்கும். இப்போது மேம்பாலம் வந்துவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை.

#4 மீனாட்சி

சுபா அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் பிரபு கேட்டது உண்மை நிலவரம். அதனால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கிழக்கில், ஹா கிரீக் ஓடைக்கு அந்தப் பக்கம். சுற்றுலாப் பேருந்து ஐந்தாம் தெருவில் நிற்கும். ஒரு பக்கம் எலியல் சாரினென் 1942ல் கட்டிய ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச், எதிரே ஐ. எம். பெய் வடிவமைத்து 1969ல் திறந்த நூலகம், நடுவே செங்கல் பாவிய முற்றத்தில் ஹென்றி மூர் செய்த பெரிய வளைவுச் சிற்பம். யார் பார்த்தாலும் வாய் பிளப்பார்கள், நானும்தான். அங்கிருந்து கிழக்கே ஸ்டேட் தெருப் பக்கம் வாருங்கள். பழைய மர வீடுகள், பக்கத்தில் பாதி காலியான கடை வரிசை. இங்கே ஃபோர்க்லிஃப்ட் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஏழு தேசிய வரலாற்றுச் சின்னங்கள் உள்ள ஊரில் மணிக்கூலிக்காரருக்கு ஒரு வீடு வாங்க வழியில்லை என்றால் அந்தப் பெருமையை வைத்து என்ன செய்வது?

இளங்கோ, நீங்கள் சொல்லும் "வாரியத்தின் பழக்கம்" யாருடைய பழக்கம்? அந்த நாற்காலிகளில் எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்?

#5 சரவணன் (பியோரியா)

பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊருக்கு கேட்டர்பில்லர் எப்படியோ, உங்களுக்குக் கம்மின்ஸ் அப்படி. 2015ல் பியோரியா டவுனில் புதிய தலைமையகம் கட்டுவோம் என்று அறிவித்தார்கள். வரைபடம் வந்தது, பேட்டிகள் வந்தன, ஊரே கனவு கண்டது. 2017 ஜனவரியில் தலைமையகம் சிகாகோ பக்கம் போகிறது என்றார்கள். டியர்ஃபீல்டுக்குப் போனார்கள். 2022ல் அங்கிருந்தும் கிளம்பி டெக்சாஸில் இர்விங் என்றார்கள். ஆலைகளும் பல ஆயிரம் வேலைகளும் இன்றும் இங்கேதான், அதை மறைக்கவில்லை. ஆனால் முடிவெடுக்கிறவர்கள் ஊரில் குடியிருப்பது என்பது தனி விஷயம். அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளியில் படிப்பார்கள், மனைவியோ கணவனோ நூலக வாரியத்தில் இருப்பார்கள், சாலையில் குழி விழுந்தால் அவர்கள் காரும்தான் இறங்கும். அது போன பிறகு எந்த நன்கொடைக்கும் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

கம்மின்ஸும் 2017ல் இண்டியானாபொலிஸ் டவுனில் ஒரு பெரிய அலுவலகம் திறந்ததே? அதை உங்கள் ஊரில் யாரும் பேசவில்லையா?

#6 வாசு

பேசினோம் சரவணன், இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் 80களில் இங்கே வந்தவன், ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டேன். சில விஷயங்களை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

80களில் ஜப்பான் எஞ்சின்கள் வந்தபோது கம்மின்ஸ் விலையைப் பெரிதாகக் குறைத்துப் போராடியது. நிறையப் பேருக்கு வேலை போனது. அந்த நிலையில் ஹான்சன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்தது. இப்படி வாங்கும் கம்பெனிகளைப் பிரித்து விற்பதில் பேர்போன நிறுவனம் அது. 1989ல் மில்லர் குடும்பம் சொந்தப் பணம் 7.2 கோடி டாலர் போட்டு அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. அன்றைக்கு அது நடக்காமல் போயிருந்தால் இந்த இழையில் இத்தனை தமிழர்கள் இருந்திருக்க மாட்டோம்.

மில்லரைப் பணக்காரப் புரவலர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1960 முதல் 1963 வரை அமெரிக்கத் தேசிய சர்ச்சுகள் கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பாதிரியார் அல்லாதவர். கறுப்பின மக்களின் சம உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவு திரட்டியவர்களில் ஒருவர். வரிக்கு முந்திய லாபத்தில் 5 சதவீதத்தை, அன்றைய சட்டம் அனுமதித்த உச்ச அளவை, கம்பெனி தர்மத்துக்கு எடுத்து வைத்தது அவர் காலத்தில்தான். ஊருக்கு நல்ல பொறியாளர்கள் வர வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இந்தக் குட்டி ஊருக்குப் படித்தவன் எதற்கு வருவான்? நல்ல பள்ளிக்கூடம் இருந்தால் வருவான்.

ஆனால் அவர் 2004ல் காலமாகிவிட்டார். அப்படி இன்னொருவர் வருவார் என்று காத்திருப்பது வீண். சரவணனுடைய பயம் எனக்கும் உண்டு. ஆர்வின் நம் ஊர்க் கம்பெனிதான், சைலன்சர் செய்தார்கள். 2000ல் மெரிட்டரோடு சேர்ந்ததும் தலைமையகம் மிச்சிகனுக்குப் போனது. 2022ல் அதே மெரிட்டரைக் கம்மின்ஸ் வாங்கியது வேறு கதை. இடைப்பட்ட இருபது வருடம் ஆர்வின்காரர்கள் இல்லாமல் ஊர்ப் பணிகளில் எவ்வளவு ஆள் குறைந்தது என்று கண்ணால் பார்த்தவன் நான்.

ஊரைத் தாங்கிப் பிடித்த இன்னொன்று ஜப்பான் கம்பெனிகள். டொயோட்டா ஃபோர்க்லிஃப்ட் ஆலை 1990லிருந்து ஓடுகிறது. சக்கரம் செய்யும் என்கெய், அச்சு செய்யும் என்.டி.என். எல்லாம் உண்டு. எஞ்சின் கம்பெனியைச் சாய்க்க வந்ததும் ஜப்பான் போட்டிதான், ஊருக்கு இரண்டாவது காலாக வந்ததும் ஜப்பான் முதலீடுதான். வடக்கே ஆண்டர்சனுக்கு அந்த இரண்டாவது கால் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். இன்று ஒரு ஆலைகூட அவர்களுடையது இல்லை.

#7 கார்த்திக்

வாசு சார் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் எல்லோரும் கம்பெனியைக் கோயில் ஆக்குகிறீர்கள். 2024 ஜனவரியில் வெளியான தூய காற்றுச் சட்ட வழக்குத் தீர்வை மறந்துவிட்டீர்களா? ராம் டிரக் எஞ்சின்களின் புகைக் கட்டுப்பாடு சம்பந்தமாக 167.5 கோடி டாலர் அபராதம். அந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை யாரும் கட்டாத தொகை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று கம்பெனி சொன்னது. சரி, இருக்கட்டும். ஊரின் நல்ல பெயரை ஒரே கம்பெனியின் நல்ல பெயரோடு முடிந்து வைத்தால் இதுதான் சிக்கல்.

அப்புறம் டீசல். இன்னும் இருபது வருடத்தில் அந்தத் தொழில் எங்கே இருக்கும் என்று எஞ்சின் செய்கிறவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இந்த நிலைமையில் ஒழுகும் கூரையோடு ஒரு சர்ச் கட்டடத்தை வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சீசர் பெல்லி கட்டிய பழைய காமன்ஸ் 1973ல் திறந்தது. 35 வருடத்தில் இடித்து, 2011ல் புதிதாகக் கட்டினார்கள். ஊர் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லையே.

#8 இளங்கோ

கார்த்திக், காமன்ஸ் நல்ல உதாரணம், என் பக்கத்துக்கும் அது உதவும். இடிப்பதற்கு முன் என்ன வைத்துக்கொள்வது என்று ஊர் கூடிப் பேசியது. கேயாஸ் 1 நின்ற இடத்திலேயே நின்றது, அதைச் சுற்றித்தான் புதுக் கூடம் எழும்பியது. விளையாட்டு இடமும் மேடையும் திரும்ப வந்தன. கட்டடம் போனாலும் அதை ஊர்ப்பொது இடமாக ஆக்கிய காரணம் போகவில்லை. சர்ச்சுக்கும் நான் கேட்பது அதையே. ஈரோ சாரினென் வடிவமைத்த அறுகோணக் கட்டடம், அவர் மறைந்து மூன்று வருடம் கழித்து 1964ல் முடிந்தது, 192 அடி ஊசிக்கோபுரம். அதை அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லவில்லை. யார் பேசி முடிவு செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன்.

பணத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லாப் பேச்சும் அங்கேதான் முட்டி நிற்கிறது. இண்டியானாவில் சொத்துவரிக்கு உச்சவரம்பு உண்டு. சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம், வாடகை வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் 2, தொழில் நிறுவனங்களுக்கு 3. 2010ல் இதை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2025ல் வந்த புதுச் சட்டம் வீட்டுக்காரர் வரியில் 10 சதவீதம், அதிகபட்சம் 300 டாலர் வரை கழிவு தருகிறது. வீட்டுக்காரனாக எனக்கு லாபம். ஆனால் நூலகம், பள்ளி, தீயணைப்பு எல்லாம் அந்த வரியில்தான் ஓடுகின்றன. அழகான கட்டடங்களைக் கட்டிய தலைமுறைக்கு வடிவமைப்புக் கட்டணம் தர ஒருவர் இருந்தார். அவற்றின் கூரையை மாற்ற வேண்டிய நம் தலைமுறைக்கு அப்படி நிரந்தரமாக யாரும் இல்லை. ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் கோபுரச் செங்கல் வேலை 2022ல் முடிந்தது, 30 லட்சம் டாலருக்கு மேல். அரசு மானியம், அறக்கட்டளை, தனியார் நன்கொடை என்று பல கை சேர்ந்துதான் அது நடந்தது. ஒரு கோபுரத்துக்கே இவ்வளவு.

#9 மீனாட்சி

வரி பேச்சை எடுத்தது நல்லது. டி.ஐ.எஃப். பற்றியும் சொல்லுங்கள், எங்கள் பக்கத்தில் பலருக்கு அது புரிவதில்லை. எனக்குத் தெரிந்தபடி: ஒரு பகுதியை மறுவளர்ச்சிப் பகுதி என்று அறிவித்துவிட்டால், அன்று இருக்கும் சொத்து மதிப்புக்கான வரி வழக்கம்போலப் பள்ளிக்கும் கவுண்டிக்கும் போகும். அதற்கு மேல் கூடும் மதிப்பின் வரி, மறுவளர்ச்சி ஆணையத்தின் தனிப் பையில் விழும். அந்தப் பணத்தில் சாலை, வாகன நிறுத்தம், டவுன் வேலைகள் எல்லாம் நடக்கும். ஆணையத்தில் இருப்பவர்கள் நியமிக்கப்பட்டவர்கள், வாக்கு வாங்கி வந்தவர்கள் இல்லை. இளங்கோ, பழைய பள்ளி வாரியத்தை நீங்கள் புகழ்கிறீர்கள், இன்றைய வாரியம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அங்கேதான் நாம் போய் உட்கார வேண்டும்.

நல்லது நடந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஃபேர் ஓக்ஸ் மால் காலியாகிக் கிடந்தபோது 2018 கடைசியில் நகராட்சியும் மருத்துவமனையும் சேர்ந்து வாங்கினார்கள். இன்று அது நெக்ஸஸ்பார்க் என்ற விளையாட்டு, மருத்துவ வளாகம். என் மகன் பள்ளி அணியோடு அங்கே பயிற்சிக்குப் போகிறான். செத்த மால்களை வைத்துக்கொண்டு திணறும் எத்தனையோ ஊர்களைப் பார்த்துவிட்டேன், அந்த முடிவு துணிச்சலானது.

#10 வாசு

மருத்துவமனை என்றதும் 2008 ஜூன் 7 நினைவுக்கு வருகிறது. ஹா கிரீக் பெருகி மருத்துவமனை அடித்தளம் முழுக்கத் தண்ணீர். மின்சாரம், ஆய்வகம் எல்லாம் கீழேதான் இருந்தன. 157 நோயாளிகளை வெளியேற்றினார்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த நேரத்தில் மண் மூட்டை தூக்க வந்தவர்களில் கிழக்கு, மேற்கு என்று யாரும் பார்க்கவில்லை.

இதையே இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். டவுனுக்கு மேற்கே மில் ரேஸ் பூங்கா இருக்கும் தாழ்நிலம் ஒரு காலத்தில் குடிசைகளும் குப்பையுமாக இருந்த இடம். 1992ல் மைக்கேல் வான் வால்கன்பர்க் அதை மாற்றியமைத்தபோது, ஆறு பொங்கினால் பூங்கா தண்ணீரை வாங்கிக்கொள்ளட்டும், வடிந்ததும் கழுவி விட்டுத் திறப்போம் என்ற எண்ணத்தில்தான் செய்தார். வருடா வருடம் அது மூழ்கும், திறக்கும். ஆற்றுப் பக்கம் அந்த யோசனை இருந்தது, ஓடைப் பக்கம் இல்லை. மீனாட்சி சொல்லும் கிழக்கு-மேற்கு வித்தியாசத்தை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

#11 பிரபு (புனே)

கேட்டது வீட்டு விஷயம், கிடைத்தது ஊர்க் கதை முழுவதும். நன்றி. ஒரு சந்தேகம்: நாங்கள் விசாவில் வருகிறோம், வாக்குரிமை இல்லை. இதிலெல்லாம் எங்களுக்கு என்ன இடம்?

#12 சுபா

இடம் இருக்கிறது தம்பி. வாக்குப் போட முடியாது, அவ்வளவுதான். நகர மன்றம், பள்ளி வாரியம், நூலக வாரியம் எல்லாம் திறந்த கூட்டங்கள். உள்ளே போய் உட்கார யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. 2024 தொடக்கத்திலிருந்து கொலம்பஸ் இரண்டாம் வகுப்பு நகரம் (மக்கள்தொகையை வைத்து மாநிலச் சட்டம் பிரிக்கும் வகை அது), மன்ற உறுப்பினர்கள் ஏழிலிருந்து ஒன்பதாகியிருக்கிறார்கள். உங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று தெரிந்துகொண்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில் வரும். சின்ன ஊரின் சௌகரியம் அது. நம்மில் பலர் கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்குள் பிள்ளை பள்ளி முடித்துவிடுகிறது. அக்டோபரில் எத்னிக் எக்ஸ்போ என்ற பல நாட்டுத் திருவிழாவில் தோசை சுட்டுக் கொடுத்தால் ஊரோடு கலந்துவிட்டோம் என்று நினைப்பது எனக்குப் போதவில்லை.

#13 கார்த்திக்

சர்ச் விஷயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான். ஆனால் டி.ஐ.எஃப். பற்றி மீனாட்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கட்டடத்தை வைத்துக்கொள்வதானால் வருடத்துக்கு எவ்வளவு செலவு, எந்தப் பையிலிருந்து என்று நூலகம் எழுத்தில் தர வேண்டும். அது இல்லாமல் என்னால் ஆதரிக்க முடியாது.

#14 மீனாட்சி

அப்படியானால் சேர்ந்தே கேட்போம். நூலக வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டே கோரிக்கை. ஒன்று, கார்த்திக் கேட்கும் வருடாந்தரச் செலவுக் கணக்கு, பயன்பாட்டை முடிவு செய்வதற்கு முன்பே பொதுவில் வர வேண்டும். இரண்டு, கருத்துக் கேட்கும் கூட்டங்களில் ஒன்றாவது கிழக்குப் பக்கப் பள்ளியில் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்க வேண்டும். பகல் கூட்டத்துக்கு ஷிஃப்டுக்காரர்கள் வர முடியாது. வரைவை நாளை இங்கே போடுகிறேன், சேர விரும்புபவர்கள் பெயர் கொடுங்கள்.

#15 இளங்கோ

என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கோரிக்கையில் ஒரு சின்னத் திருத்தம்: ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். மாலை ஆறு என்பதை ஏழு ஆக்கினால் முதல் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர நேரம் கிடைக்கும்.